பாட்டிற்கு மட்டும்

அரசாங்கம் எங்க பக்கம் வரணும்னா முதல்ல என் கடைக்குத்தான் வரும். பழவேற்காடு பஜார்ல 'மலீஹா ஜெராக்ஸ்'னு போர்டு தொங்கறது என் கடை. எந்த உத்தரவா இருந்தாலும் மூணு காப்பி வேணும், மூணு காப்பிக்கு என் மெஷின் வேணும். அதனால ஊருக்கு ஏதாவது நல்லது நடக்கப் போவுதுனா எனக்கு ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சுடும். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாது, அது வேற விஷயம்.

போன வருஷம் தை மாசம் அப்படி ஒரு நல்லது வந்துது. "தோணிரேவு கிராமத்தைப் புகையில்லாப் பயண முன்மாதிரிக் கிராமமாக அறிவித்து இதன்மூலம் ஆணையிடப்படுகிறது"னு முதல் வரியிலேயே போட்டிருந்துது. கொண்டாந்தவர் பேரு திருவேங்கடம். பசுமைப் பயண மேம்பாட்டு அலுவலகத்துல துணைத் திட்ட அலுவலர். டீசல் ஜீப்ல வந்திருந்தார். இன்ஜினை ஓட விட்டுட்டே கடைக்குள்ள வந்தார், நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதாம். என் கடை முழுக்க புகை.

தோணிரேவு எங்க ஊர்லேர்ந்து ஏரியோரமா கொஞ்ச தூரம். மீன் பிடிக்கிற ஊர். நாப்பத்தி மூணு குடும்பம் ஏரியை நம்பி இருக்குது. நான் இருமிக்கினே கேட்டேன்.

"ஏன் சார், இத்தனை ஊர் இருக்க, தோணிரேவை எப்டி புடிச்சீங்க?"

"ஆய்வு பண்ணித்தாம்மா. பொன்னேரியை எடுத்துக்கிட்டா ஆயிரக்கணக்குல பெட்ரோல் கார் இருக்குது. உயிரைக் குடுத்து நூறு வண்டியை மாத்தினாலும் பத்து சதவீதம் தாண்டாது. தோணிரேவுல மொத்தமே ஒரே ஒரு பெட்ரோல் வண்டிதான் ஓடுது. அந்த ஒண்ணை எடுத்துட்டா எவ்ளோ குறையும்?"

"நூறு சதவீதம்."

"பார்த்தீங்களா, பொதுமக்களே ஒத்துக்கறாங்க" அப்டின்னு சொல்லி, டைரியில ஏதோ எழுதிக்கினார். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அன்னைக்கு என் கடையிலதான் நடந்து முடிஞ்சுதுன்னு பின்னாடி ஒரு ரிப்போர்ட் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கினேன்.

அந்த ஒரே ஒரு பெட்ரோல் வண்டி எங்க வூட்டுக்காரர் ரஃபீக்கோட வேன்.

அந்த வேனைப் பத்திச் சொல்லணும். பதினேழு வருஷ வண்டி. பக்கத்துக் கதவு தானா மூடாது, நைலான் வலைக் கயித்துல இழுத்துக் கட்டணும். தரைத் தகடு மீன் தண்ணியில அரிச்சு, உள்ள உக்காந்தா கீழ ரோடு தெரியும். ஆனா தினமும் விடிகாலை அஞ்சரைக்கு தோணிரேவுல நிக்கும். காசியம்மாள், அங்காளம்மாள்னு ஆறு மீன்காரப் பெண்கள் கூடையோட ஏறுவாங்க. திருப்பாலைவனம் வழியா பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஏழு மணிக்குள்ள போயிடும். நண்டு உயிரோட போனாத்தான் காசு, செத்துப் போனா நாய் கூடத் திரும்பிப் பார்க்காது. அந்த ஆறு குடும்பமும் எங்க குடும்பமும் அந்த ஓட்டைத் தகடு மேலதான் நின்னுக்கினு இருந்துது.

எங்க வூட்டுக்காரர் ஒண்ணும் எலெக்ட்ரிக் வண்டிக்கு விரோதி இல்ல. சொல்லப் போனா ஆசைதான் பட்டார். "பங்க்ல போய் நிக்கறப்பலாம் வயிறு எரியுது மலீஹா. கரண்டுல ஓடினா அதுல கால்வாசி கூட ஆகாதாம். ஆயில் மாத்த வேணாம், கிளட்ச் தேயாது. தெனம் போற அதே ரூட்டு, போக வர நாப்பது கிலோமீட்டர் கூட இல்ல. அதுக்குனே செஞ்ச மாதிரி இருக்குது"னு கணக்குப் போட்டு சொன்னார். நானும் நம்பினேன். இப்பவும் சொல்றேன், அந்த வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அதைக் கொண்டாந்தவங்களைப் பத்தித்தான் பேசறேன்.

ஏற்பாடு இதுதான். வேனை அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கணும். அதுக்குப் பதிலா ஒரு புது எலெக்ட்ரிக் கார் குடுப்பாங்க, இவர் முன்மாதிரி ஓட்டுநர். வேன் பொன்னேரியில அவங்க ஆபீஸ் பின்பக்கம் நிக்கும். முப்பதாவது நாள் அதை உடைச்சு, உடைச்சதுக்கு போட்டோ எடுத்து ஃபைல்ல வெப்பாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னா, பெட்ரோல் வாடகை வண்டி தோணிரேவு எல்லைக்குள்ள நுழையக் கூடாதுன்னு ஊர் முனையில அபராத போர்டு வெச்சிருக்காங்க. ஆக, விருப்பத்தின் பேரில் ஒப்படைக்கலாம், ஒப்படைக்காமலும் விருப்பத்தின் பேரில் வீட்டில் இருக்கலாம். இவர் கையெழுத்துப் போட்டார். மூணு காப்பி.

கார் வந்துது. வெள்ளை வெளேர்னு, உள்ள சந்தனக் கலர் சீட்டு. கூடவே பதினாலு நிபந்தனை அச்சடிச்ச பேப்பர். நாலாவது நிபந்தனை, "வாகனத்தில் மீன், இறால், நண்டு, பனிக்கட்டி ஆகியவற்றை ஏற்றுதல் கூடாது." அஞ்சாவது, "ஈரமான நபர்களை ஏற்றுதல் கூடாது." தோணிரேவுல காயற நபரே கிடையாது.

காசியம்மாள் அக்கா அறுபது வயசுக்காரங்க, பேசினா ஏரிக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கும் கேக்கும். சாவி குடுக்கற விழாவுலயே கேட்டாங்க.

"ஏன் சார், மீனை எடுத்துக்கினு போகக் கூடாதா? அப்ப நாங்க பொன்னேரிக்கு இன்னாத்துக்குப் போறது?"

"பயணம் பண்ணலாம்மா. புகையில்லாப் பயணம். போய்ட்டு வந்து அனுபவம் எப்படி இருந்துதுன்னு படிவத்துல எழுதுங்க."

"மீனு?"

"மீன் வேற துறைம்மா. எங்களுது பயணம் மட்டும்தான்."

"மீன் இல்லாம மார்க்கெட்ல போய் குந்திக்கினு எதை விக்கறது, எங்க அனுபவத்தையா?"

திருவேங்கடம் சார் சிரிச்சுட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிட்டார். அடுத்த நிகழ்ச்சி தேசிய கீதம், அதனால யாரும் குறுக்க பேச முடியல.

முதல் நாள் விடிகாலை இவர் காரை எடுத்துக்கினு போனார். கூடை இல்லாட்டியும் ஆளுங்களையாவது கூட்டிக்கினு போகலாம்னு நெனைப்பு. ஒருத்தரும் வரல. ஏன்னா சத்தம் வரல. பதினேழு வருஷமா கோயில் திருப்பத்துல வேன் இருமற சத்தம் கேட்டுத்தான் அவங்க கூடையைத் தலையில தூக்குவாங்க. இந்தக் கார் பூனை மாதிரி வந்து நின்னு, அரை மணி நேரம் காத்திருந்து, பூனை மாதிரியே போயிடுச்சு. அவங்க எட்டு மணி வரைக்கும் வேன் சத்தத்துக்குக் காத்துக்கினு இருந்தாங்க.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் சார்ஜ் போடற எடத்துல நடந்துது.

தோணிரேவுல படகுத்துறைக்குப் பக்கத்துல கெட்டியான தரை கொஞ்சம் இருக்குது. ஊர்ப் பொது நிலம். அங்க மின்னேற்று நிலையம் வெச்சாங்க. ஒரு தகரக் கொட்டாய், ஒரு பெட்டி, ஒரு ஒயர், முன்னாடி ஒரு போர்டு. போர்டுல 'மின்னேற்று நிலையம், பொதுப் பயன்பாட்டிற்கு மட்டும்'னு எழுதச் சொல்லி உத்தரவு. பெயின்டர் அளவைப் பார்க்காம பெருசு பெருசா ஆரம்பிச்சுட்டான். 'மின்னேற்று நிலையம்' ஒரு வரி. 'பொதுப் பயன்' ஒரு வரி. எடம் தீர்ந்து போச்சு. மிச்சத்தைக் கீழ, சிவப்புல, கொட்டை எழுத்துல எழுதிட்டுப் போயிட்டான்.

'பாட்டிற்கு மட்டும்.'

பாடுன்னா இன்னான்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன். ஏரியில நல்ல மீன் விழற எடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாள்ல அங்க வலை கட்டினா மீன் சிக்காது, மண்டைதான் உடையும். அதனால எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த எடத்துல வலை கட்டணும்னு ஊர் கூடி சீட்டு குலுக்கிப் போட்டு முறை வெச்சிருக்காங்க. அந்த முறைதான் பாடு. உன் பாட்டுல நான் கை வெக்கக் கூடாது. என் பாட்டை நான் வெளியாளுக்குத் தரக் கூடாது. பாட்டுக்காரன் தன் பாட்டுல தானே கூட நிக்கணும். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஊர்த் தலைவர் சகாதேவன் அந்தப் போர்டை ரெண்டு தடவை படிச்சார். நிதானமான மனுஷன், அவசரப்பட்டு எதையும் தப்பாப் புரிஞ்சுக்க மாட்டார், யோசிச்சுத்தான் புரிஞ்சுப்பார். சாயங்காலம் வலைக் கொட்டாய்ல ஊரைக் கூட்டினார்.

"ஊர் நிலத்துல வெச்சிருக்காங்க. பொதுப் பயன். பாட்டுக்கு மட்டும்னு கவர்மென்ட்டே எழுதிட்டாங்க. நாமளா கேக்கல. நம்ம முறையை இப்பத்தான் அவங்க மதிச்சிருக்காங்க. சீட்டு போடலாம்."

சீட்டு போட்டாங்க. நாப்பத்தி மூணு குடும்பம், நாப்பத்தி மூணு நாள். எங்க வூட்டுக்காரர் அந்தக் கூட்டத்துல ஓரமா நின்னுக்கினு இருந்தார்.

"தலைவரே, கார் எங்கிட்ட இருக்குது. எனக்கு எந்த நாள்?"

"பாய், உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ பழவேற்காட்டு ஆளு. ஏரியில உனக்குப் பாடு உண்டா?"

"இல்ல."

"தண்ணியில இல்லாத பாடு கரண்டுல எப்டி வரும்?"

ஆக, கார் வெச்சிருக்கறவருக்குப் பாடு இல்ல, பாடு வெச்சிருக்கற நாப்பத்தி மூணு பேருக்குக் கார் இல்ல.

இதை ஆபீஸ்ல சொன்னா சரி பண்ணிடுவாங்கன்னு நெனைச்சேன். அதுக்குள்ள ஆபீஸ்லேர்ந்தே லெட்டர் வந்துது, 'முப்பது நாட்களுக்கான மின்னேற்று நிலையப் பயன்பாட்டுப் பட்டியலை மூன்று பிரதிகளில் அனுப்பவும்'னு. சகாதேவன் சீட்டு லிஸ்ட்டை என் கடையிலதான் டைப் அடிக்கக் குடுத்தார். தலைப்பு அவரே சொன்னார், 'பயன் பாட்டுப் பட்டியல்'. ஒரு எழுத்து எடம் விட்டிருந்துது, அவ்ளோதான். திருவேங்கடம் சார் அதைப் பார்த்து உருகிப் போயிட்டார். முப்பது நாளைக்குப் பட்டியல் கேட்டா நாப்பத்தி மூணு நாளைக்கு, பேர் போட்டு, கைநாட்டு வெச்சு, எந்த கிராமம் தரும். 'மக்கள் பங்கேற்பு: மிக நன்று'ன்னு எழுதி சீல் குத்தினார். இப்ப அது அரசாங்க ஆவணம் ஆயிடுச்சு. அந்த நிமிஷத்துலேர்ந்து பாடு இல்லாதவன் அந்த ஒயரைத் தொட்டா சட்டப்படியும் தப்பு.

அப்புறம் ஒரு வழி பண்ணினாங்க. கார் இவருதா இருக்கட்டும், சார்ஜ் அன்னன்னைக்குப் பாட்டுக்காரர் பேர்ல ஏறட்டும். ஆனா பாட்டுக்காரர் தன் பாட்டுல தானே கூட நிக்கணுமே. அதனால சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் காருக்குள்ளயே உக்காந்திருப்பாங்க. அஞ்சு மணி நேரம் வெய்யில்ல சும்மா உக்கார முடியுமா, ஏசி போட்டுக்குவாங்க. ஒயர்ல வர்ற கரண்டுல ஒரு பங்கை ஏசி தின்னும், தின்னதால இன்னும் நேரமாகும், நேரமாகறதால இன்னும் ஏசி ஓடும். அவங்க தனியாவும் வர மாட்டாங்க, குடும்பத்தோட வருவாங்க. ஒரு வூட்டுல பொண்ணு பார்க்க வந்தவங்களை அதுல உக்கார வெச்சுத்தான் பேசினாங்க. அந்த சம்பந்தம் அமைஞ்சுடுச்சு, நல்லா இருக்கட்டும். திட்டத்தால பயனடைந்த குடும்பங்கள்னு அதையும் ரிப்போர்ட்ல சேர்த்துக்கினாங்க.

கார் எங்கயும் போகல. போகாத கார் புகையும் விடாது, திட்டம் ஜோரா நடந்துது.

இந்தப் பக்கம் ஆறு பெண்களும் பஸ்ஸுக்குப் போனாங்க. கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் ஊதிடுவார். ஏத்தினா மத்த பயணிங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. சரக்கு ஆட்டோ புடிச்சு, கைக்காசைப் போட்டு, ஒன்பது மணிக்கு மார்க்கெட் போய்ச் சேர்ந்தா பாதி நண்டு கால் மடங்கிக் கெடக்கும். அங்காளம்மாள் ஒரு நாள் என் கடை வாசல்ல அந்தக் கூடையை எறக்கி வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. நான் டீ வாங்கிக் குடுத்தேன். வேற இன்னா பண்றது.

எங்க வூட்டுக்காரர் நிலைமை அதுக்கு மேல. வருமானம் நின்னு போச்சு. என் கடையில உக்காந்துக்கினு, ஜெராக்ஸ் எடுத்த பேப்பரை எண்ணி அடுக்குவார். அடிக்கடி பொன்னேரி போய், அந்த ஆபீஸ் கேட்டு வழியா வேனைப் பார்த்துட்டு வருவார், கட்டிக் குடுத்த பொண்ணைப் பார்த்துட்டு வர்ற மாதிரி. "டயர்ல காத்து எறங்கிடுச்சு மலீஹா"ன்னு ஒரு நாள் வந்து சொன்னார். எனக்கு அழுகையும் வந்துது, ஆத்திரமும் வந்துது. முப்பதாவது நாள் அதை உடைக்கப் போறாங்க. இன்னும் பத்து நாள்தான்.

மனு எழுதினேன். என் தொழிலே அதான். வேனைத் திருப்பிக் கேட்டு மூணு மனு போட்டேன். மூணாவதுக்குப் பதில் வந்துது. "தோணிரேவு கிராமம் பெட்ரோல் வாகனமே இல்லாத கிராமமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதால், மேற்படி கிராமத்தில் பெட்ரோல் வாகனம் ஓட்டுவது குறித்து மனு அளிக்க எவருக்கும் முகாந்திரம் இல்லை என்றும், தங்கள் மனு பெறப்படாததாகக் கருதப்படும் என்றும் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது." பெறாத மனுவுக்கு பதில் போட்டு, நம்பர் குடுத்து, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருந்தாங்க.

இருபத்தி ஒன்பதாவது நாள் மேலிடத்து ஆய்வு. சென்னையிலேர்ந்து இணை இயக்குநர் ஐஸ்வர்யா மேடம் வந்தாங்க. இது எலெக்ட்ரிக் திட்டமாச்சே, அதனால எலெக்ட்ரிக் கார்லயே வந்தாங்க. ஓட்டிக்கினு வந்ததும் அவங்களேதான். திருவேங்கடம் சார் ஜீப்பைப் பொன்னேரியிலயே ஒளிச்சு வெச்சுட்டு, மேடத்தோட ஏறிக்கினார். பின் சீட்ல மூணு பெட்டி ஃபைல். கூடவே ஒரு பெரிய கேடயம், 'சிறந்த முன்மாதிரிக் கிராமம்'னு பேர் பொறிச்சு. ஆய்வு இனிமேத்தான் நடக்கணும், கேடயம் வந்துடுச்சு. வெற்றி அறிக்கையோட மூணு காப்பியைக் குடுக்கறதுக்கு நானும் இவரும் என் ஸ்கூட்டியில அங்க போயிருந்தோம்.

மேடம் கார் தோணிரேவுக்கு வந்து சேரும்போது சார்ஜ் ஆறு சதவீதம். ஏசியை ஃபுல்லா வெச்சு, சுத்து வழியில வந்துட்டாங்களாம். ஆனா மேடம் கொஞ்சமும் கவலைப்படல. மின்னேற்று நிலையத்துக்குத்தானே வந்திருக்காங்க.

நிலையத்துல எங்க வெள்ளைக் கார் ஒயரோட நின்னுக்கினு இருந்துது. உள்ள காசியம்மாள் அக்கா. அன்னைக்கு அவங்க பாடு. தலை முழுகி, உலர்ந்த புடவை கட்டி, கண்ணாடியை ஏத்திக்கினு, ஏசியில சாஞ்சு உக்காந்திருந்தாங்க. திருவேங்கடம் சார் கண்ணாடியைத் தட்டினார். அக்கா நாலு விரக்கடை எறக்கினாங்க.

"கொஞ்சம் வண்டியை எடுக்கணும்மா. மேடம் வண்டிக்கு சார்ஜ் போடணும்."

"மேடத்துக்குப் பாடு எந்த நாளு?"

மேடம் போர்டை நிமிர்ந்து பார்த்தாங்க. "பாட்டிற்கு மட்டும்... இங்க பாடணுமா மிஸ்டர் திருவேங்கடம்?" ஒரு நிமிஷம் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்ட மாதிரி கூட எனக்குத் தெரிஞ்சுது.

சகாதேவன் மடிச்ச பேப்பரைப் பிரிச்சார். "பாட்டு இல்லீங்க, பாடு. இது உங்க ஆபீஸ் சீல் குத்தின பட்டியல். இதுல உங்க பேர் இல்ல. பாட்டை வெளியாளுக்குத் தந்தா அந்தக் குடும்பத்தை ஊர் தள்ளி வெச்சுடும். அது எங்க சட்டம்."

"நான் அந்தத் துறையோட இணை இயக்குநர்."

"ஆனா தோணிரேவு இல்லீங்களே."

"சரி, ஒரு பத்து நிமிஷம் அந்த ஒயரைக் கழட்டிக் குடுங்க."

"பதினோராவது நிபந்தனை" அப்டின்னு உள்ளேர்ந்து குரல் வந்துது. காசியம்மாள் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பதினாலு நிபந்தனையும் மனப்பாடம். "முழுசா ஏறறதுக்கு முன்னாடி ஒயரைப் புடுங்கக் கூடாதுன்னு நீங்களே போட்டுருக்கீங்க. இன்னும் நாலு மணி நேரம் ஆவும். ஏசி ஓடுதுல்ல." கண்ணாடி ஏறிடுச்சு.

மணி பதினொன்றரை. மேடத்துக்கு நாலு மணிக்கு சென்னையில கூட்டம். தலைப்பு 'தோணிரேவு வெற்றி'. திருவேங்கடம் சார் பொன்னேரிக்கு போன் போட்டு வாடகைக் கார் கேட்டார். ஒருத்தனும் வர மாட்டேன்னுட்டான், ஊர் முனையில அபராத போர்டு இருக்குதாம். அவரோட ஜீப்பை நிறுத்தியாச்சு, அது இனிமே ஸ்டார்ட் ஆகாது. பஸ்ல போகலாமேன்னு யாரோ சொன்னாங்க. "கேடயத்தோட பஸ்லயா"ன்னு திருவேங்கடம் சார் முறைச்சார்.

அப்பத்தான் நான் சொன்னேன். "சார், பொன்னேரியில உங்க ஆபீஸ்லயே ஒரு வண்டி சும்மா நிக்குது. சாவி குடுங்க, இவர் என் ஸ்கூட்டியில போய் ஒண்ணரை மணி நேரத்துல ஓட்டிக்கினு வருவார்."

அவர் கேடயத்தைக் கெட்டியாக் கட்டிப் புடிச்சுக்கினார். "அது பெட்ரோல் வண்டிம்மா. அதை விடுவிச்சா தோணிரேவுல பெட்ரோல் வண்டி ஒண்ணு ஆயிடும். நூறு சதவீதம் பூஜ்யமாயிடும். அந்தக் கேடயத்தை நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"பெட்ரோல் வண்டின்னு ஏன் சார் எழுதறீங்க? மின் வண்டி நடு வழியில நின்னுட்டா காப்பாத்தற வண்டின்னு எழுதுங்க. மின் வாகன மீட்பு ஊர்தி. அப்ப அது பெட்ரோல் கணக்குல வராது. எலெக்ட்ரிக் கணக்குல வரும்."

மேடமும் சாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினாங்க. இவ்ளோ அறிவை ஜெராக்ஸ் கடையில வெச்சிருக்காங்களேன்னு நெனைச்சிருப்பாங்க. அங்கயே, அந்தக் கேடயத்து மேலயே பேப்பரை வெச்சு ஆணையை எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. எங்க வூட்டுக்காரர் ஸ்கூட்டியை எடுத்துக்கினு பறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்க, கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பார்க்கல.

ஒரு மணிக்குக் கோயில் திருப்பத்துல இருமல் சத்தம் கேட்டுது. ஊரே எழுந்து நின்னுது. ஆய்வுக்காக அன்னைக்கு மார்க்கெட் போகாம இருந்த அங்காளம்மாளும் மத்த நாலு பேரும் பழக்க தோஷத்துல கூடையோட ஓடி வந்துட்டாங்க. வண்டி எப்படியும் பொன்னேரி போகுது, சும்மா போவானேன். மேடம் முன் சீட்ல. பின்னாடி நண்டு, இறால், அஞ்சு பெண்கள், திருவேங்கடம் சார், அவர் மடியில கேடயம், கேடயத்து மேல காசியம்மாள் அக்காவோட கூடை. அக்கா கூடையை மட்டும் ஏத்தி விட்டுட்டு, பாட்டை விட்டு வர முடியாதுன்னு கார்லயே இருந்துட்டாங்க. நண்டையெல்லாம் கயித்துல நல்லாக் கட்டித்தான் வெச்சிருந்தாங்க. மேடம் பொன்னேரி ஸ்டேஷன்ல ரயிலைப் புடிச்சு, கூட்டத்துல தோணிரேவு வெற்றியைப் பத்தி நல்லாப் பேசினாங்களாம்.

எங்களுக்கு அன்னைக்கு நோன்புப் பெருநாள் மாதிரி இருந்துது. வேன் எங்களுது, இனிமே அதை யாரும் உடைக்க மாட்டாங்க. நான் பிரியாணி செஞ்சேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு முறையான உத்தரவு என் கடைக்கு வந்துது. மேடமே யோசிச்சு எழுதினது. "மின் வாகன மீட்பு ஊர்தி என்பது மின் வாகனத்தை மீட்பதற்கான ஊர்தி என்பதால், மேற்படி ஊர்தி தனித்து இயங்குதல் கூடாது. மின் வாகனத்தைப் பின்தொடர்ந்து மட்டுமே இயங்க வேண்டும்." திட்டத்தை இன்னும் பன்னிரண்டு கிராமத்துக்கு விரிவாக்கறாங்களாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு எலெக்ட்ரிக் கார், ஒரு மீட்பு ஊர்தி கட்டாயம். பெட்ரோல் வண்டியே இல்லாத ஊருக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுவாங்களாம்.

இப்ப எங்க ஏற்பாடு இதுதான். வேன் போகணும்னா முன்னாடி கார் போகணும். கார் ஓட்ட ஆள் வேணும். எங்கிட்ட லைசென்ஸ் இருக்குது. தினமும் விடிகாலை அஞ்சரைக்கு நான் வெள்ளைக் கார்ல முன்னாடி, எங்க வூட்டுக்காரர் வேன்ல மீனோட பின்னாடி. ஒரு வண்டி போய்க்கினு இருந்த எடத்துல இப்ப ரெண்டு வண்டி போகுது. பெட்ரோல் செலவு அதே செலவு, கரண்டு செலவு தனி. ரிப்போர்ட்ல பெட்ரோல் வாகனம் பூஜ்யம், மின் வாகனம் ரெண்டு.

காருக்குள்ள என்கூட அன்னன்னைக்குப் பாட்டுக்காரர் இருப்பார். சார்ஜ் அவருதாச்சே, அது தீர்ற வரைக்கும் அவர் கூட இருக்கணும்னு சகாதேவன் தீர்ப்பு சொல்லிட்டார். பொன்னேரியில வேலை இருக்கோ இல்லையோ வருவாங்க. ஒருத்தர் கோர்ட்டுல போய் உக்காந்து, யார் யாரோட கேஸையோ கேட்டுட்டு வந்தார், நல்லா இருந்துதாம்.

போன வாரம் மறுபடியும் காசியம்மாள் அக்கா பாடு வந்துது. அவங்க கூடை வேன்ல ஏறிச்சு, அவங்க உலர்ந்த புடவையோட என் பக்கத்துல ஏறினாங்க. கண்ணாடியை ஏத்தி, ஏசியைத் தன் பக்கம் திருப்பி வெச்சுக்கினாங்க. திருப்பாலைவனம் தாண்டறப்ப பின்னாடி வேன் ஹாரன் அடிச்சுது. மேட்டுல ஏற முடியாம இருமிக்கினு, புகையைக் கக்கிக்கினு வந்துது. அக்கா கண்ணாடியில அதைப் பார்த்துட்டு முந்தானையால மூக்கைப் பொத்திக்கினாங்க.

"இன்னா மலீஹா இது, ஒரே புகை, மீன் நாத்தம். அந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லக் கூடாதா?"

அதுல இருந்துது அவங்க கூடை. ஓட்டிக்கினு வந்தது என் வூட்டுக்காரர். நான் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.